பாரம் குறைந்த பிடி

தொண்ணூறுகளில் பிறம்ரன் நகரத்து வெயர்ஹவுஸில் எனக்கு சுப்பவைசராக இருந்தவர் யாழ்ப்பாணத்து ஆள்தான். சண்டை தொடங்குமுன்பே கனடா வந்துவிட்டவர். எதை வாங்கினாலும் கண்ணை மூடி, உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பார், தக்காளியைக்கூட.

ஒரு சனிக்கிழமை என்னை வீட்டில் இறக்கிவிட வந்தவர், வழியில் துவக்குக் கடையொன்றில் காரை நிறுத்தினார். குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் போகிறவர். துவக்குக் குழாயைச் சுற்றி இடக்கை பிடிக்கும் உறையை மாற்ற வேண்டுமாம். கடைக்காரன் துவக்கொன்றைத் தூக்கியதும், ஊரில் ஆமிக்கு அடையாள அட்டை காட்டிய பழக்கத்தில் நான் என் ஹெல்த் காட்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

சுப்பவைசர் சிரித்தார். "தம்பி, உதை உள்ளை வையும். உவன் ஆமிக்காரன் இல்லை."

"அண்ணை, உங்களுக்குப் பயமில்லையோ?"

"என்ன பயம்? பாரம்தான் பிரச்சினை. நெடுக நீட்டிப் பிடிக்க இடக்கை உளையுது."

அலுமினிய உறையொன்றையும் கார்பன் உறையொன்றையும் என் கைகளில் வைத்தார்.

"எது பாரம் குறைவு? சொல்லும்."

"ரெண்டும் ஒரே பாரம்தான், அண்ணை."

அவர் இரண்டையும் திருப்பி வாங்கிக் கண்ணை மூடினார். தக்காளி வாங்கும்போது இருக்கும் அதே முகம். துவக்கில் பாரம் மட்டுமே தெரிகிற அவரைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

இன்றைக்கும் கடையில் தக்காளியைக் கையில் எடுத்தால் வயிறு எரிகிறது.