பிஸ்கட்

கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்ன மாதத்தில்தான் அந்த வேலை வந்தது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து புதுச் சூளை வந்திருந்தது. அதன் கையேட்டைத் தொழிலாளர்களுக்காக நான் தமிழில் எழுத வேண்டும். இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் எனப் பக்கத்துக்கு நான்கு பத்தி. எனக்குத் தெரிந்தது ஆங்கிலம் மட்டும். மற்றதற்கெல்லாம் அகராதி.

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். பளபளப்புக் கலவை பூசுவதற்கு முன், ஒரே ஒரு முறை சுட்டெடுத்த பாண்டத்துக்கு ஆங்கிலத்தில் பிஸ்கட் என்று பெயர். பிரெஞ்சில் பிஸ்க்வி, இத்தாலியனில் பிஸ்கோத்தோ. லத்தீன் மூலத்தில் அதற்கு ‘இருமுறை வெந்தது’ என்று பொருள். கப்பலில் கெடாமலிருக்க இரண்டு முறை சுட்டு எடுத்துப்போன ரொட்டி அது. ஜெர்மன்காரர்கள் அதே பொருளைத் தங்கள் சொல்லாலேயே ‘ட்ஸ்வீபாக்’ ஆக்கிக்கொண்டார்கள். அவர்களிடம் பிஸ்க்வீட் என்று கேட்டால் மெத்தென்ற கேக்கைத் தருவார்கள். கையேட்டின் ஜெர்மன் பத்தியிலோ சம்பந்தமே இல்லாத வேறொரு சொல் இருந்தது.

ஒருமுறை சுட்டதற்கு ஏன் இருமுறை வெந்த பெயர்? மூன்று நாள் இதிலேயே போயிற்று. கடைசியில் ‘முதற்சூட்டுப் பாண்டம்’ என்று எழுதி கம்பெனிக்கு எடுத்துப்போனேன்.

கலவைத் தொட்டியருகே ஒரு பெண் கோப்பைகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். பல வருடமாக அங்கே வேலை செய்பவர். தாளைப் படித்துவிட்டு, இது யாருக்குப் புரியும் என்று கேட்டார். அங்கே எல்லாரும் பிஸ்கட் என்றுதான் சொல்வார்களாம்.

நான் அகராதிக் கதையைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னொரு வாட்டி வேவறதுக்குத்தான சார் இது காத்துக்கினு இருக்குது?”

அகராதிப்படி அது சரியான விளக்கமில்லை. ஆனால் மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. அகராதியைவிட அவர் சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

“மொதல்ல உக்காருங்க. மூஞ்சே சரியில்ல,” என்று ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தவர் அவர். வெட்கமாக இருந்தது. இருந்தும் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே எல்லாப் பக்கத்திலும் அடித்து ‘பிஸ்கட்’ என்று திருத்தினேன்.

இதை மொழிபெயர்க்கவே இல்லையே என்றார் மேனேஜர். இங்கே இதுதான் தமிழ் என்றேன். அரைமனதோடு அச்சுக்கு அனுப்பினார். ஊர் திரும்பும்போது ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது, நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.