ஆமை அக்கா படித்த செருப்பு விளம்பரம்

முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ஆமை. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அப்படித்தான் பெயர். பக்கத்து நாற்காலிக்காரி என்பதால் நான் இரண்டையுமே தாராளமாகச் சொல்லி வந்தேன்.

இணையத்தில் வரும் விளம்பரங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. விளம்பரத்தையும் அதைத் தொட்டால் திறக்கும் பக்கத்தையும் பார்த்து, ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்று அழுத்த வேண்டும். யாராவது புகார் கொடுத்தால் அது மறுபடி எங்களில் ஒருவரிடம் வரும். யார் எவ்வளவு முடித்தார்கள் என்று சுவரில் ஒரு திரை காட்டிக்கொண்டே இருக்கும். நாங்களெல்லாம் நுனிப்புல் மேய்கிற கூட்டம். அக்கா சோப்பு விளம்பரத்தைக்கூட வக்கீல் நோட்டீஸ் மாதிரி வரி வரியாகப் படிப்பார். திரையில் கடைசிப் பெயர் அவருடையதுதான்.

அக்காவின் வீட்டில் அவருடைய அண்ணன் இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், பழைய சர்க்கரை நோயாளி. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கைபேசியில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று ஒரு விளம்பரம் வந்தது. அவர் அதைத் திறந்து படிக்கப் படிக்க, மாத்திரையைக் குப்பையில் போடு, இந்தப் பொடியைக் குடி என்றது. அண்ணன் பொடியை வரவழைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். அக்கா கெஞ்சினார், சண்டை போட்டார். அண்ணனோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

“பொய்யா இருந்தா உங்க ஆபீஸ்ல விடுவாங்களா? நீங்க பாத்துட்டுத்தானே அனுப்புறீங்க?” என்று கேட்டார்.

அக்கா அவருடைய கைபேசியிலிருந்தே புகார் கொடுத்தார். மறுநாள் பதில் வந்தது: பரிசீலித்தோம், விதிமீறல் எதுவும் இல்லை.

“பாத்தியா? தப்பில்லன்னு உங்க ஆபீஸே சொல்லிடுச்சு” என்று சிரித்தாராம் அண்ணன். அன்றைக்குப் பொடி ஒரு கரண்டி கூடுதலாக உள்ளே போனது. புண்ணின் ஓரம் கறுத்துவிட்டது என்று அக்கா சொன்னபோது அவருடைய சாப்பாட்டு டப்பா திறந்தபடியே இருந்தது.

அக்கா நேரே மேற்பார்வையாளரிடம் போனார். எங்களுக்கு அவர் ‘வெந்நீர்’. எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி பறப்பார். அந்த விளம்பரத்தைத் திறந்து, விரலால் ஒரு தள்ளு தள்ளினார். சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தைச் செருப்பு வந்தது.

“செருப்புதானே அக்கா? செருப்பு விக்கிறது தப்பா?”

“என் வீட்டுல பொடி டப்பா இருக்கு தம்பி.”

“அது வேற விளம்பரமா இருக்கும். போர்டைப் பாருங்க, இன்னிக்கும் நீங்கதான் கடைசி.”

அக்கா இடத்துக்கு வந்து அதே விளம்பரத்தைத் திறந்தார். செருப்பைப் படிக்கத் தொடங்கினார். என்னென்ன நிறம், என்னென்ன அளவு, எப்படிக் கழுவுவது, கிழிந்தால் யாரைக் கேட்பது. நான் பக்கத்தில் வேலையைத் தள்ளித் தள்ளி முடித்துக்கொண்டிருந்தேன். அடி வரைக்கும் போய்விட்டு அவர் மறுபடி மேலே வந்தபோது செருப்பைக் காணோம். பொடி டப்பா நின்றது.

“ஏய், இங்க பாரு!”

அக்கா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லோரும் எழுந்து வந்தோம். வெந்நீர் தன் கணினியில் அவசரமாகத் திறந்து பார்த்துவிட்டு, “இங்க செருப்புதான் இருக்கு” என்று அங்கிருந்தே கத்தினார்.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டார். “இங்க வந்து உக்காருங்க தம்பி. நான் முதல்ல இருந்து திறக்கிறேன். வாங்கப்போறவர் மாதிரி நிதானமா படிங்க.”

அவர் உட்கார்ந்தார். முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. படித்தார், பெருமூச்சு விட்டார், மறுபடி படித்தார். செருப்பு போய்ப் பொடி வந்தது. முழங்கால் நின்றுவிட்டது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பார்த்ததும் தள்ளிவிட்டுப் போகிறவர் சோதிக்கிறவர், ஆற அமரப் படிக்கிறவர் ஏமாறப்போகிறவர். அதை வைத்தே ஆளைப் பிரித்திருக்கிறார்கள் அந்தத் திருடர்கள். எங்கள் அவசரத்தை நம்பியே அவர்கள் கடை நடந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வெந்நீர் திரையைப் பதிவுசெய்து தானே மேலிடத்துக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் விளம்பரம் நின்றது. அந்த ஆட்களின் மற்ற விளம்பரங்களும் நின்றன. அக்கா அதற்கெல்லாம் மகிழவில்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன்.

அண்ணன் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். விளம்பரத்தை எடுத்தாகிவிட்டது என்றார் அக்கா.

“நல்ல மருந்துன்னா உடனே மூடிடுவாங்களே. யாரு பாத்துட்டுச் சொன்னாங்களாம்?”

“நான்தான் அண்ணா பாத்தேன். கடைசி வரி வரைக்கும் பாத்தேன்.”

அண்ணன் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப முன்னாடி சரின்னு சொன்னது நீ இல்லையா?”

“இல்லண்ணா. அங்க நிறைய பேர் இருக்கோம்.”

அண்ணன் குனிந்து தன் கால் புண்ணைப் பார்த்தார்.

“ஆபீஸ்னா எனக்கு உன்னைத்தானே தெரியும். நீ பாத்திருப்பேன்னு நெனச்சுத்தான் குடிச்சேன்.”

அக்கா அங்கேயே அழுதுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். அண்ணன் என்ன மாத்திரை என்றுகூடப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.