சிவபாதசுந்தரத்தை வெட்டமாட்டேன்

ஜேர்மனியில், நான் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில், எந்த டாக்டரிடம் போனாலும் காத்திருக்கும் அறையில் என் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். "ஃப்ராவ் சிவபா... சிவபாதா..." என்று தாதி திணறும்போதே நான் எழும்பிவிடுவேன். எங்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரை, சிவபாதசுந்தரத்தை, முன்னால் போடுவோம். என் அகதி விண்ணப்பத்தை நிரப்பிய அதிகாரி அதைப் பின்னால் தள்ளிக் குடும்பப் பெயராக்கிவிட்டார். முப்பது வருடமாக மாலினி என்ற என்னை இந்த ஊர் அப்பாவின் பெயரால்தான் அழைக்கிறது.

இந்த வருடம் நகரசபைத் தேர்தலில் நிற்கிறேன். சுவரொட்டி அச்சடிக்கும் நேரத்தில் கட்சிக் கிளைத் தலைவர் ஹெர் லோமன் மெல்ல ஆரம்பித்தார். "மாலினி சிவா என்று போடுவோமா? மக்கள் தடுக்கி விழாமல் வாசிப்பார்கள்." நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கூத்து ஏற்கெனவே அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தவள் நான்.

என் தங்கை ரஞ்சினி அங்கே ஒரு மாநிலச் சட்டசபையில் எட்டு வருடம் இருந்தாள். முதல் தேர்தலிலேயே ஆலோசகர்கள் சொன்னபடி அப்பாவை வெட்டி 'ரஞ்சி சிவா' ஆனாள். வென்றாள். ஆஸ்பத்திரியில் நோயாளியின் மொழி தெரிந்த ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தாள். அதை இரண்டு தரம் வாக்கெடுப்பில் விழுத்தினார்கள், மூன்றாம் தரம் நிறைவேற்றிக் காட்டினாள். அங்கே இரண்டு வருடத்துக்கொரு தேர்தல்; ஐந்தாவதில் எதிராளி வீடுவீடாக ஒரு துண்டுப்பிரசுரம் போட்டான். அதில் அவளுடைய முழுப்பெயர் கொட்டை எழுத்தில். கீழே, 'இவர் எதை மறைக்கிறார்?' தோற்றாள். அப்பாவின் பெயர் ஒரு குற்றச்சாட்டாக அச்சாகியிருந்ததை இங்கிருந்து கைத்தொலைபேசியில் பார்த்துக் கொதித்தேன்.

லோமனுக்குப் பதில் சொல்லமுன் அவளை அழைத்தேன்.

"அக்கா, நான் வெட்டியும் தோத்தன். நீங்கள் வெட்டாமல் நிண்டு பாருங்கோ," என்றாள்.

"நானும் தோத்தால்?"

"தோத்தால் முழுப்பேரோட தோத்ததா இருக்கட்டும்."

அடுத்த நாள் லோமனிடம் சொன்னேன்: "வந்த மூன்றாம் கிழமையே 'அவுஃபென்ட்ஹால்ட்ஸ்கெனேமிகுங்' என்று பிழையில்லாமல் சொல்லப் பழகினேன். வதிவிட அனுமதிக்கு நீங்கள் வைத்த பெயர் அது. அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிரவே மாட்டார். நான் பழகினேன், உங்கள் ஊரும் பழகட்டும்." நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"எழுத்துச் சிறிதாகிவிடுமே," என்றார்.

"இரண்டு வரியில் போடுங்கள்."

போட்டார்கள். வெல்வேனோ தெரியாது, அதைப்பற்றி இப்போது பெரிய கவலையும் இல்லை. என்னைப் பார்க்க இங்கே வரவென்று அப்பா இரண்டு தடவை விசா கேட்டார். வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்று இரண்டு தடவையும் மறுத்தார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடியபோது, தற்காலிகக் கடதாசியோடு இருந்த என்னாலும் போக முடியவில்லை. இப்போது நான் வேலைக்குப் போகும் வழி முழுக்க, ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் என் முகத்துக்குக் கீழே அவர் இரண்டு வரியில் நிற்கிறார். தேர்தல் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அதுவரைக்கும் இந்த ஊரில் இருக்க அவர் யாரிடமும் விசா கேட்கத் தேவையில்லை.