கூட ஆம்பள யாரும் வரலையா

மேகலாவுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்தால் லேசில் இறங்காது. தா.பழூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் ஏற்றி இறக்குவதுதான் அவள் பிழைப்பு. கணவன் ராஜவேல் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் மிஞ்சியது அந்த வேன் ஒன்றே. கொழுந்தன்மார் அதை விற்றுவிடச் சொல்லி, வாங்குகிற ஆளையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் அரியலூருக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸோடு திரும்பினாள்.

செந்துறையில் வாழ்க்கைப்பட்ட வளர்மதி அவளோடு பிளஸ் டூ படித்தவள். அந்த வருடம் பள்ளியிலிருந்து மைசூர் சுற்றுலா போனார்கள். இவர்கள் இருவரையும், வயதுக்கு வந்த பெண்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாதென்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, போன மே மாத லீவில் ஒருநாள் வளர்மதி போனில் கேட்டாள்.

"நாம ரெண்டு பேரும் ஏன்டி போவக் கூடாது?"

பள்ளிக்கூட வேனை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோனால் பெர்மிட் தொல்லை. அதனால் வளர்மதியின் கணவர் தங்கராசுவின் காரை எடுத்துக்கொண்டார்கள். மேகலாதான் ஓட்டினாள். பண்ணாரி சோதனைச் சாவடியில் காவலர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் எங்கம்மா, டீ குடிக்கப் போயிருக்காரா?"

"டிரைவர்தாங்க ஒங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

வளர்மதி திம்பம் மலை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒவ்வொரு வளைவிலும் எதிரே லாரிகள் முக்கி முனகிக்கொண்டு இறங்க, மேகலா ஒதுங்கி வழிவிட்டு நிதானமாக ஏறினாள். கன்னட எழுத்துப் பலகை தெரிந்ததும் வளர்மதி வண்டியை நிறுத்தச் சொல்லி, அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மைசூரில் ஒரு லாட்ஜில் நுழைந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்தவனுக்குத் தமிழ் தெரிந்தது. ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட ஆம்பள யாரும் வரலையா?" என்றான்.

"இல்லங்க. நாங்க ரெண்டு பேருதான்."

"அப்டின்னா ரூம் இல்லம்மா. லேடீஸ் மட்டும் தங்கினா பிரச்சினை வரும்."

"நாங்க பிரச்சினை பண்ணுவோமா, இல்ல எங்களுக்கு யாராச்சும் பண்ணுவாங்களா? அத மொதல்ல சொல்லுங்க."

அதற்குள் நாலு இளவட்டங்கள் பீர் வாடையோடு வந்து சாவி வாங்கிக்கொண்டு மாடியேறினார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி இல்லை. மேகலாவுக்கு முகம் சிவந்தது.

"வீட்டுக்காரரை போன்ல சொல்லச் சொல்லுங்க, தர்றேன்" என்றான் அவன் கடைசியில்.

கால் கடுத்துப்போயிருந்த வளர்மதி போனைப் போட்டு நீட்டினாள். "நான்தாங்க அனுப்பி வெச்சேன், குடுங்க" என்றார் தங்கராசு. அந்த ஒரு வார்த்தைக்குச் சாவி மேசைக்கு வந்துவிட்டது.

மேகலா அதைத் திருப்பித் தள்ளினாள். "மலையேறி வண்டிய ஓட்டியாந்தவ சொன்னா செல்லாது. வூட்ல டிவி பாத்துக்கிட்டிருக்கவரு சொன்னா செல்லுமா? இந்த ரூம் எங்களுக்கு வேணாம்."

"ஒனக்கு வேணாம்னா வண்டியில படு. நான் குளிக்கணும்" என்று வளர்மதி சாவியை எடுத்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் மேகலாவும் போனாள். சாப்பிடவில்லை. அறைக் கதவின் தாழ்ப்பாள் ஆடியது. நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். காலையில் லாட்ஜ் முதலாளி வரும்வரை காத்திருந்து, நாலு பேர் முன்னால் நியாயம் கேட்டாள். எல்லாம் பெண்களின் பாதுகாப்புக்குத்தான் என்றார் அவர், அரைகுறைத் தமிழில்.

"கதவுக்கு ஒழுங்கா ஒரு தாழ்ப்பா இல்ல. பாதுகாப்புன்னா மொதல்ல அதப் போடுங்க."

அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பிறகு மைசூர் அரண்மனையை இரண்டு பேரும் அறை அறையாகப் பார்த்தார்கள். மேகலாவும் வாய்பிளந்துதான் பார்த்தாள், ஆனாலும் நடுநடுவே முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

செந்துறைக்குத் திரும்பினால், தங்கராசு பக்கத்து வீட்டுக்காரரிடம், "நான் ஒரு வார்த்த சொன்னேன், ஒடனே ரூம் கெடச்சுது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க வார்த்த செல்லுதுன்னு பெருமப்படாதீங்க. ஒங்க பொண்டாட்டி வார்த்த செல்லலைன்னு வெக்கப்படுங்க" என்றாள் மேகலா.

அதிலிருந்து அவர் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அன்றைக்கு வாசல்வரை வழியனுப்ப வந்த வளர்மதி, "நான் போன் போட்டுக் குடுத்திருக்கக் கூடாதுடி" என்று மெதுவாகச் சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் அவள் மேல் இருந்த கோபம் மேகலாவுக்கு இறங்கியது.

இந்த லீவுக்குக் கேரளா போகிறார்கள். லாட்ஜுகளுக்கு வளர்மதியே போன் செய்கிறாள். "ரெண்டு பொம்பளைங்க வரோம். ஆம்பள யாரும் வரல. ரூம் உண்டா, இல்லியா?" இல்லை என்று வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேகலா விடுவதில்லை.

"மறுபடி போடு. ஏன் இல்லைன்னு கேளு."