ஹனோயில் சொன்ன ‘வாரேன்’

துடியலூரில் பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பொற்கொடியக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. தெருவில் வழி கேட்டால் ‘ஆட்டி ஆட்டி நடப்பாங்களே, அவங்க ஊடா?’ என்பார்கள். வேகநடைப் போட்டியில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், ஓடிவிடக் கூடாது. அந்த வேகத்தில் நடந்தால் இடுப்பு ஆடத்தான் செய்யும். ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை. காலையில் அவரோடு நடக்கிறேன். நடக்கிறேன் என்பது பேச்சுக்கு, பின்னால் ஓடுகிறேன். இந்தக் கதை அப்படி மூச்சு வாங்கக் கேட்டதுதான்.

ஹனோயில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டிக்கு, ஐந்து கிலோமீட்டர் வேகநடையில் அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. கணவர் மாசாணம்தான் முதலில் சிரித்தார்.

“ஏம்புள்ள, நடக்கறதுக்குப் பிளேன் ஏறிப் போறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

“அவிநாசிக்கு வண்டியில போயிட்டு வந்தே கால் வலிக்குதுங்கறீங்க. நீங்க பேசாம இருங்க.”

போட்டிக்கு முந்தைய நாள் காலை, சட்டையில் குத்தும் எண் அட்டையை வாங்க அக்காவின் அணியினர் மைதானத்துக்குப் போனார்கள். மறுநாள் இறங்குபவர்கள் அன்று மாலை ஐந்து மணிக்குள் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் பெயரை அடித்துவிடுவார்கள். வேகநடைப் பட்டியல் அப்போது இன்னும் வரவில்லை. மேசையில் இருந்த லான் என்ற பெண் அதைச் சொல்லிவிட்டு, மொழிபெயர்க்கும் கைபேசியை அக்காவின் முன்னால் நீட்டினாள்.

“சரி கண்ணு, வாரேன்” என்றார் அக்கா. நாலடி போய்த் திரும்பி இன்னொரு தடவை “வாரேன்.” வாசலில் நின்று கையாட்டி, மூன்றாவது தடவையும். லான் கைபேசியை நீட்டியபடியே இருந்தாள்.

அதற்குப் பிறகு பேருந்தில் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். ஏரியையும் நடுவில் சிவப்புப் பாலத்தையும் பார்த்தார்கள். நடைபாதையில் குட்டி ஸ்டூல் போட்டுக் காபி குடிப்பவர்களைப் பார்த்து, “இதுல உக்காந்தா எந்திரிக்க கிரேன் வேணும்” என்றார் அணி மேலாளர் பிரான்சிஸ். இலக்கியக் கோயில் என்ற பழைய கல்விக்கூடத்தில், அந்தக் காலத் தேர்வில் ஜெயித்தவர்களின் பெயர் வெட்டிய கற்களைக் கல் ஆமைகள் முதுகில் சுமந்திருந்தன. அக்கா ஓர் ஆமையிடம் குனிந்து, “நான் கணக்குல பெயிலாப் போனவ. என்ற பேரையும் தூக்குவியா?” என்று கேட்டாராம்.

அந்த ஊரில் சாலையைக் கடப்பதே ஒரு வித்தை. பைக்குகள் ஆறு மாதிரி வரும், எதுவும் நிற்காது. “நிக்காதீங்க, ஓடாதீங்க, ஒரே வேகத்துல நடங்க. அவங்களே ஒதுங்கிப் போவாங்க” என்று வழிகாட்டி சொன்னதை பிரான்சிஸ் தமிழில் சொன்னார்.

“ஏனுங்க, இது எங்க போட்டி ரூல்தானுங்களே!” என்றார் அக்கா.

மூன்று மணிக்குத் திரும்ப வேண்டிய பேருந்து, சந்தையில் இரண்டு பேர் காணாமல் போய்க் கிடைத்து, நாலு மணிக்குத்தான் நகர்ந்தது. நாலேகாலுக்கு நெரிசலில் மாட்டி நின்றுவிட்டது.

“பதறாதீங்க அம்மணி, போயி பேசிக்கலாம்” என்றார் பிரான்சிஸ்.

“பேர அடிச்ச பொறவு என்னத்தப் பேசறதுங்க? கதவத் தொறக்கச் சொல்லுங்க.”

“வழி தெரியுமா?”

“இன்னும் பதினோரு சிக்னல். ஒம்பதாவதுல சோத்தாங்கைப் பக்கம் திரும்போணும்.”

காயிலில் ஒரு சுற்று தவறினாலும் மோட்டார் கருகிவிடும். இருபது வருடமாகச் சுற்று எண்ணும் கை. வரும்போது சிக்னலையும் எண்ணியிருக்கிறது.

இறங்கியதும் பைக் டாக்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். அக்கா ஏறவில்லை. “அவங்க வண்டி எங்க போகும்னு எனக்குத் தெரியாது. என்ற காலு எங்க போகும்னு தெரியுமுங்க.” துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, நிற்காமல், ஓடாமல் ஒரே வேகத்தில் நடந்தார். பைக்குகள் ஒதுங்கிப் போயின. ஓடியிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாமே என்றேன். “மக்யாநாத்துப் போட்டிக்கு வேணுமே காலு” என்றார்.

மைதானத்தை அடைந்தபோது மணி ஐந்தாகி எட்டு நிமிடம். அறையில் ஓர் அதிகாரி லானிடமிருந்து பட்டியலை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் விடவில்லை. அக்காவைப் பார்த்ததும் குதித்து, கைபேசியை அதிகாரியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். காலையில் அக்கா பேசியது அவள் மொழியில் அதில் மூன்று முறை இருந்தது: ‘வந்துகொண்டிருக்கிறேன்.’ மூன்று முறை சொன்னவள் வராமல் இருப்பாளா என்று காத்திருந்திருக்கிறாள். நம் ஊரில் ‘போறேன்’ என்று சொல்ல வாய் வராமல்தான் ‘வாரேன்’ என்கிறோம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், வேர்த்து ஒழுகும் அக்காவைப் பார்த்தார், பேனாவைக் கொடுத்தார். அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பதினான்கு பேரில் ஆறாவது. ஓடியதாக ஓர் எச்சரிக்கைகூட இல்லை.

கிளம்பும் அன்று லானைப் பார்க்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டார். லான் கைபேசியை நீட்டியதும்தான் அக்காவுக்கு உறைத்தது. ‘வாரேன்’ என்று சொன்னால் இவள் காத்திருப்பாளே!

“அப்புறம் என்ன சொன்னீங்க?” என்றேன்.

துடியலூர் மைதானத்தில் பன்னிரண்டாவது சுற்று. எனக்கு விலா பிடித்துக்கொண்டது. அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை.

“அடுத்த வருசமும் அங்கதான் போட்டின்னாங்க. வாரேன்னு சொல்லிப்போட்டேன். அப்ப போகோணுமில்ல? வா கண்ணு, இன்னும் ஒரு சுத்து.”