சில்லில் சுற்றும் வார்

வண்டியை நிறுத்திக் கீழே இறங்கியதும் ஜெயம்மா முதலில் குதிரையிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

"கோவிச்சுக்காத லேடி. கொஞ்ச நேரந்தான்."

பிறகு முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து, விரல் அகலத் தோல்வார் ஒன்றின் நுனியைச் சில்லின் குடத்தில் உள்ள கொக்கியில் மாட்டுகிறார். வாரின் மறுநுனி ஏர்க்கால் வழியாகப் போய்க் கடிவாளத்தோடு சேர்ந்திருக்கிறது. இருமுறை இழுத்துப் பார்க்கிறார். அதற்குப் பிறகுதான் வண்டியில் இருப்பவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்து, இறங்குவதற்குக் கை கொடுக்கிறார். புதிதாக வந்த விருந்தினர்கள் மன்னிப்பு தங்களிடம் கேட்கப்பட்டதாக நினைத்து, பரவாயில்லை என்று தலையாட்டுவதும் உண்டு.

கஹவத்தையிலிருந்து மேலே ஏறும் பாதையில் நான் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் விடுதி இருக்கிறது. முன்னே துரை பங்களாவாக இருந்தது. சுற்றிலும் ரப்பர், அதற்கு மேலே தேயிலை. காலையிலும் மாலையிலும் விருந்தினரைப் பக்கி வண்டியில் ஏற்றித் தோட்டம் சுற்றிக் காட்டுவது ஜெயம்மாவின் வேலை. ஐம்பதை நெருங்குகிற, குள்ளமான, உறுதியான உடம்பு. விடுதி கொடுத்த பச்சைக் கோட்டின் கீழே கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய சேலை, அதற்கும் கீழே கறுப்பு ரப்பர் பூட்ஸ். தொப்பியும் கொடுத்தார்கள். அதை அவர் லேடிக்குத் தவிடு அள்ளப் பயன்படுத்துகிறார்.

லேடி சாம்பல் நிறப் பெண்குதிரை. நுவரெலியாவில் பந்தயம் ஓடி, வயதேறிய பிறகு இங்கே வந்தவள். பந்தயத்துக்கு வைத்த பெயர் நீளமானது. தோட்டத்தில் அதன் முதல் சொல் மட்டும் தங்கிவிட்டது. அவளோடு வந்த ஓட்டுநர் இந்தப் பக்கத்து மழைக்கும் அட்டைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் சீக்கிரமே ஊருக்குத் திரும்பினார். அப்போது ரப்பர் மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஜெயம்மாவை லாயம் கூட்ட அனுப்பியிருந்தார்கள். வண்டியும் அவர் கைக்கே வந்தது. போன ஓட்டுநர் சிங்களத்தில்தான் குதிரையைப் பழக்கியிருந்தார். அதனால் இன்றைக்கும் கட்டளைக்குச் சிங்களம், கதைக்குத் தமிழ். "ஹிட்டபன்" என்றால் லேடி நிற்பாள். "யமு" என்றால் புறப்படுவாள். தொழிலாளர் லயத்துச் செய்திகள், வீட்டுக் கவலை, மகள் கோகிலாவின் கைப்பேசிப் பேச்சு எல்லாம் தமிழில். அதற்கு லேடி காதை மட்டும் திருப்புவாள்.

"ஓட்டுறது ஒண்ணும் பெரிய வேல இல்ல மிஸ்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "நிக்க வைக்கிறதுதான் பாடு. நானு இவங்களுக்குக் கை குடுக்கவா, அவளப் புடிக்கவா? எனக்கு இருக்கிறது ரெண்டு கையி."

அந்த ரெண்டு கை போதாமல் போன நாளை நானும் பார்த்தேன். சித்திரைக்குப் பிறகு இங்கே நடந்த ஒரு கல்யாணத்தில், மணமகனின் கூட்டாளிகள் வண்டிக்குப் பின்னால் வெடிச் சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். லேடிக்கு இடது கண் கொஞ்சம் மங்கல். சத்தம் வந்ததும் அந்தப் பக்கம்தான். ஜெயம்மா அப்போது மணமகளின் செருப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஒரு பூச்செண்டு மட்டும் இருந்தது. செண்டோடும் வண்டியோடும் லேடி பஸ் ரோட்டை நோக்கி ஓடினாள். பின்னால் பச்சைக் கோட்டு ஓடியது.

ரப்பர் மலை வளைவில் அவள் நின்றிருந்தாள். கீழே விழுந்த கடிவாளக் கயிறு சில்லில் சிக்கி, சில்லு உருள உருளக் குடத்தில் சுற்றி, தலையைப் பின்னுக்கு இழுத்திருந்தது. வாயின் ஓரம் கிழிந்து இரத்தம்.

"அன்னிக்கு அவள நிறுத்துனது நானில்ல மிஸ். சில்லு."

மெனேஜர் சத்தம் போடாத மனிதர். அன்றும் போடவில்லை. சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: இன்னொரு தடவை ஓடினால் லேடியை வைத்திருக்க முடியாது, ஆட்கள் வண்டியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். தெற்குக் கடற்கரையில் சவாரி விடுகிற ஒருவர் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இங்கே பெற்றரி மின்சாரத்தில் ஓடும் வண்டி வாங்கிவிடலாம், அதையும் ஜெயம்மாவே ஓட்டலாம்.

ஜெயம்மாவுக்குத் தன் வேலையைப் பற்றிக் கவலை இல்லை. "கடல் மணல்ல அந்த வெயில்ல நின்னா மத்தக் கண்ணும் போயிரும் அவளுக்கு. கண்ணு தெரியாத குதிரைய யாரு வச்சிருப்பா?" என்று மட்டும் கேட்டார்.  

கிழிந்த வாய் ஆறும்வரை தவிட்டைக் கரைத்துக் கையால் ஊட்டினார். ஊட்டிக்கொண்டே சில்லைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். வாய் ஆறியதும் கஹவத்தையில் வெல்டிங் கடை வைத்திருக்கும் கபூர் நானாவிடம் போனார். வண்டியும் தோட்டத்து லொறியில் ஏறிப் போனது. லேடி லாயத்திலேயே நின்றுகொண்டாள். எனக்கும் அந்தப் பட்டினத்தில் வேலை இருந்ததால் நானும் அதே லொறியில் போனேன்.

கபூர் நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எருமைக்கும் இப்பிடி ஒண்டு செஞ்சதில்ல புள்ள நான். ப்ரேக் ஒண்டு வேணுமெண்டு சொல்லுங்களே."

"ப்ரேக் இல்லிங்க நானா. கையி. எங் கையி மாதிரி இழுக்கணும். அவ நடந்தா இழுக்கணும், நின்னா விட்ரணும்."

"ஒங்கட கை எவ்வளவு இழுக்கும்?"

ஜெயம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடிக்கப் போய், கூச்சப்பட்டு, மேசையில் கிடந்த துணியைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

சில்லுக் குடத்தின் உள்பக்கமாக நூல்கட்டை போன்ற சின்ன உருளை, அதில் ஒரு கொக்கி. சில்லு உருண்டால் கொக்கியில் மாட்டிய வார் உருளையில் சுற்றி இறுகும். கபூர் நானா ஸ்ப்ரிங் வைக்கலாம் என்றார். ஜெயம்மா சைக்கிள் டியூப் கேட்டார். வாருக்கு நடுவில் ஒரு சாண் டியூப்பைச் சேர்த்துத் தைத்தால், இழுவை வெடுக்கென்று வாயில் விழாது. நீண்டு, பிறகுதான் இறுகும். காலமெல்லாம் ரப்பர் மரத்தோடு நின்றவருக்கு ரப்பரின் மேல் இரும்பை விட நம்பிக்கை.

சோதித்துப் பார்க்கக் குதிரை இல்லை. கபூர் நானாவே ஏர்க்கால்களுக்கு நடுவில் நின்று, கடிவாளத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, கடைக்கு முன்னால் வண்டியை இழுத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடிவிட்டார்கள்.

"நானா, புல்லு கொண்டாரவா?"

"ஒங்கட ஊட்டுக்கே வாரன், சமைச்சு வையுங்க" என்று திருப்பிக் கொடுத்தபடி நடந்தவர், சில்லு அரைச் சுற்று உருண்டதும் நின்றுவிட்டார். "அடே! பொறத்தால யாரோ புடிக்கிற மாதிரியே ஈக்கி!"

ஜெயம்மா கை தட்டினார். தட்டியபின் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

பட்டினத்தில் எல்லாம் சரியாக இருந்தது. தோட்டத்தில்தான் பிழை தெரிந்தது. கபூர் நானாவின் கடை வாசல் பலகை போல மட்டம். எங்கள் மலையில் அப்படி ஒரு துண்டு நிலம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாள் மேல்மலைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி வாரை மாட்டினார். விருந்தினர் எழுந்து நின்ற அசைவில் வண்டி சரிவில் தானாக முன்னே உருண்டது. உருண்ட சில்லு வாரைச் சுற்றியது. லேடி ஒரு அடியும் வைக்கவில்லை. இருந்தும் பின்னாலிருந்து வண்டி அவளைத் தள்ள, முன்னாலிருந்து வார் வாயை இழுத்தது. நடுவில் நின்று நடுங்கினாள். ஜெயம்மா பாய்ந்து கொக்கியைக் கழற்றினார்.

அன்று மாலை லாயத்தில் அவர் பேசியது லேடியிடமா என்னிடமா என்று தெரியவில்லை. "பின்னால தள்ளுது, முன்னால இழுக்குது. எந்தப் பக்கந்தான் போவா? செய்யாத தப்புக்கு வாயி வலிக்குது. நானுல்ல பாத்திருக்கணும்."

அதற்குப் பிறகு ஒரு எலுமிச்சம்பழம் அவருடைய கோட்டுப் பையில் ஏறியது. வார் மாட்டுமுன் பழத்தைத் தரையில் வைக்கிறார். உருண்டால் அங்கே வாரை மாட்டுவதில்லை. திரும்ப ஏறி ஆசனத்தில் உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா நீங்களே எறங்கிக்குங்க" என்கிறார். உருளாமல் நின்றால்தான் வார். புது வாகனத்தின் சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதைக் கண்டவர்கள், இதையும் ஏதோ பூசை என்று நினைக்கிறார்கள். சிலர் படம் எடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஜெயம்மா யாரையும் திருத்துவதில்லை.

வீட்டில் கேலிக்குக் குறைவில்லை. அவருடைய கணவர் முத்துவீரன் ரப்பர் பெக்டரியில் வேலை செய்கிறார். ஒருநாள் வாருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, "எனக்கும் இப்புடி ஒண்ணு மாட்டியிருந்தா நானும் ஒழுங்கா இருந்திருப்பேன்" என்றார்.

ஜெயம்மா நிமிராமலே சொன்னார்: "நீங்க ஓடுனா கள்ளுத் தவறணை வரைக்குந்தான். அதுக்கு எதுக்குங்க வாரு? வேலிக் கம்பியே போதும்."

அடுத்த பெரிய கல்யாணம் ஆவணியில் வந்தது. சிங்களக் குடும்பம், இரத்தினபுரிப் பக்கம். மணமக்கள் பக்கி வண்டியில் ஏறி விடுதி வளவைச் சுற்றி வர வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். வெடி கொளுத்துவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கொளுத்தாதே என்று கல்யாண வீட்டில் சொல்ல முடியுமா? ஏறி உட்கார்ந்ததும் முதலில் படம், பிறகுதான் சுற்று என்று ஏற்பாடு. "இன்றைக்குப் பார்ப்போம்" என்றார் மெனேஜர். கடற்கரைக்காரர் முதல் நாள் திரும்பவும் அழைத்திருந்தார். அழைப்பை எடுத்தது நான்தான்.

வண்டி நிற்க வேண்டிய இடத்தில் பூவளைவு ஒன்று கட்டியிருந்தார்கள். ஜெயம்மா பழத்தை வைத்தார். அது உருண்டு படப்பிடிப்பாளரின் காலடிக்குப் போனது. வேறு இடத்தில் நிறுத்தலாமா என்று கேட்டார். பூவளைவு இல்லாமல் படமா என்று படப்பிடிப்பாளர் சிரித்தார். மெனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணமக்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மணமகளின் தாய் அருகே வந்து, பழம் எதற்கு என்று சிங்களத்தில் கேட்டார். ஜெயம்மாவும் சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்: "மெத்தன ஹொந்த நே, நோனா." இந்த இடம் நல்லதில்லை. அவ்வளவுதான் சொன்னார். சொன்னது உண்மை. அந்த அம்மாவின் முகம் மாறியது. அவர் திரும்பி ஒரு சொல் சொல்ல, பூவளைவின் நாலு காலையும் நாலு பேர் தூக்கினார்கள். ஜெயம்மா பழத்தோடு முன்னே நடந்தார். பூவளைவு பின்னே வந்தது. போர்ட்டிகோவின் ஓரத்தில் பழம் அசையாமல் நின்றது. அங்கே பூவளைவை இறக்கினார்கள். தாய் கும்பிட்டார்.

வார் மாட்டப்பட்டது. மணமக்கள் ஏறினார்கள். மணமகளின் நீண்ட வெள்ளைத் தலைத்துணி படியில் சிக்கியதால் ஜெயம்மா குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார். சரியாக அப்போது வெடி. இடது பக்கம். யாரோ முந்திக்கொண்டு கொளுத்திவிட்டார்கள்.

லேடி ஒரு அடி வைத்தாள். சில்லு கொஞ்சம் திரும்பியது. அடுத்த அடி முன்னதை விடச் சிறியது. டியூப் நீண்டு மெலிந்ததை நான் பார்த்தேன். அவள் தூக்கிய முன்னங்காலை அந்தரத்தில் வைத்திருந்தாள். எங்கே வைப்பது என்று யோசிப்பது போல. இரண்டு கையிலும் வெள்ளைத் துணியோடு ஜெயம்மா, "ஹிட்டபன்" என்றார். வெடிச் சத்தத்தில் அது கேட்கவில்லை, உதட்டசைவில்தான் தெரிந்தது. லேடி காலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சரம் முழுவதும் வெடித்து முடியும்வரை உடம்பு நடுங்க நின்றாள். நின்றாள்.

மணமகள் சிரித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். புகைக்குப் பயந்து மணமக்கள் இறங்கி மறுபக்கம் போனார்கள். சுற்று சற்றுப் பொறுத்து என்றார்கள். விறாந்தையிலிருந்து மெனேஜர் என்னைக் கூப்பிட்டு, கடற்கரைக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிடச் சொன்னார். நான் நேரே ஜெயம்மாவிடம் போனேன்.

அவர் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"லேடி இங்கேயே இருப்பாள். மெனேஜர் மாத்தியா சொல்லிவிட்டார்" என்றேன்.

"அப்புடியா மிஸ்" என்றார். வாரைச் சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்தார். பிறகு அந்தப் பச்சைக் கோட்டோடு, வெடிக் காகிதம் சிதறிக் கிடந்த சரளையில் அப்படியே உட்கார்ந்தார். படப்பிடிப்பாளர் அவரைக் கொஞ்சம் விலகச் சொல்லிக் கையசைத்தார். ஜெயம்மா எழுந்திருக்கவில்லை. கால்களை நீட்டி, கட்டு எதுவும் இல்லாமல் நின்ற லேடியின் முன்னங்காலை, வீட்டுத் தூணைப் பிடிப்பதுபோல ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கன்னத்தை அதில் சாய்த்தார்.