அடகுக்குப் போன நீலத் தோணி

போனுக்குக் காசு போடும் ரீலோட் கடையில் இருப்பவனுக்கு, தான் விற்காத சாமானுக்கும் ஏச்சு விழும். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை முந்தல் ஊரில் சித்தப்பாவின் கடையில் இருந்தேன். போனில் கேம் விளையாடுகிறவர்களுக்கு வைரம் போட்டுக் கொடுப்பது என் வேலை. அந்த வைரத்தால்தான் கேமுக்குள் எதையும் வாங்கலாம். காசு கொடுத்து வாங்கியது ஒரு அப்டேட்டோடு காணாமல் போன அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

தோணி

இறால் பண்ணையில் வேலை செய்யும் நஸீர் நானா வைரம் போட்டு கேமுக்குள் ஒரு நீலத் தோணி வாங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவரும் கட்டாரில் இருக்கும் தம்பியும் அதில் ஏறுவார்கள். தீவில் இறங்கினால் சுடுபாடு தொடங்கிவிடும். உம்மாவின் முழங்கால் வலி, தம்பிக்குப் பார்க்கிற கலியாணம், எல்லாக் கதையும் தோணிக்குள்தான். நேரே கோல் எடுத்துக் கதைக்கலாமே என்று கேட்டேன்.

"கோல் எடுத்தா 'சுகமா, சுகம்' எண்டு வெச்சிருவான். தோணியில ஏறினா இறங்கும்வரைக்கும் ஓட ஏலாதுதானே."

அப்டேட்

ஒரு வியாழக்கிழமை கேமில் தோணிகளை எல்லாம் தூக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் தங்க நிறச் சப்பாத்து விற்பனைக்கு வந்தது. நானாவுக்காகக் கம்பெனிக்கு மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி தீர்ப்புச் சொன்னார்.

"வித்த கதிரைய வீட்டுக்குள்ள பூந்து தூக்கிக்கொண்டு போறதெண்டா, இது என்னடா யாவாரம்?"

மேடம்

கேட்ட குரல் எல்லாம் என் வாயில் வந்துவிடும். சித்தப்பாவின் இருமல், 'ஹலாவத்த, ஹலாவத்த' என்று சிங்களத்தில் சிலாபத்துக்கு ஆள் கூப்பிடும் பஸ் கொண்டக்டர், எல்லாம் போடுவேன். கடைக்குப் பின்னால் போய், வேறு நம்பரில் இருந்து நானாவுக்குக் கோல் எடுத்து, மூக்கால் கதைக்கும் கம்பெனி மேடம் ஆனேன். சேரின் தோணி பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது என்றேன்.

சிரித்து முடிப்பதற்குள் நானா கடையில் நின்றார். கையில் வைரம் போட்டதற்கு நான் கொடுத்த பழைய பற்றுச்சீட்டுத் துண்டு. அவருக்குத் தெரிந்த ஒரே பெட்டகம், மனைவியின் காப்பு இருக்கிற அடகுக் கடைப் பெட்டகம். அத்தனை குரல் வருகிற வாய்க்கு உண்மை மட்டும் வரவில்லை.

"துண்டு பத்திரமா இருக்கு மகன். மீட்க எவ்வளவு எண்டு கேட்டுச் சொல்லு."

மீட்பு

மூன்று வெள்ளி தோணி இல்லாமல் போனது. தம்பி கேமுக்கு வருவான், சுடுவான், சாவான், கதையில்லாமல் போய்விடுவான் என்றார் நானா. நான்காம் வாரம் கேமில் விளம்பரம்: 'பெட்டகம் திறக்கிறது'. அதே நீலத் தோணி, ஏழு நாளைக்கு மட்டும், இரட்டை விலை. முன்பு வாங்கியவர்களும் திரும்ப வாங்கத்தான் வேண்டும். ஏச்சு வாங்க ஆயத்தமாக இருந்தேன். நானாவோ சிரித்த முகத்தோடு காசை நீட்டினார். பொறுக்க முடியாமல், மேடம் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"வீட்ட போன பிறகு விளங்கிச்சு. கம்பெனிக்காரி 'சரி நானா' எண்டா போன வெப்பா? ஆனா நீ சொன்ன பெட்டகம் சரிதான், இது அடகுதான். வைரத்தப் போடு, அவன் காத்துக்கொண்டிருக்கான்."

எந்தக் குரலையும் போடத் தெரிந்த எனக்கு, நான் பகிடிக்குச் சொன்ன பொய்யை ஒரு கம்பெனி விலை போட்டு விற்கும் என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது.